அடிக்கிறவனைத் திட்டுவதற்கு முன்: கரப்பந்தாட்டத்தில் பிழை பிடிக்கும் வழி

பின்னேரம் வலை கட்டி, பந்து நாலைந்து தரம் போய் வந்ததும் பயிற்றுநரிடம் வருகிற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணை, அடி விழுகுதில்லை.” உடனே அடிக்கிறவனைக் கூப்பிட்டு, கையை இப்படி வீசு, இன்னும் உயரப் பாய் என்று சொல்லத் தொடங்குவோம். நானும் கனகாலம் அப்படித்தான் சொன்னேன்.

ஒரு வருடம் நாலாம் இடத்தில், அதாவது முன்வரிசையின் இடக்கரையில் நின்று அடிக்கிற பெடியன் ஒருவன் சுற்றுப்போட்டி முழுக்க வலைக்குள்ளேயே அடித்தான். நல்ல பாய்ச்சல், நல்ல கை. தோற்ற ஒவ்வொரு நாளும் நான் அவனைத்தான் பேசினேன். யாரோ மதிலில் போனைச் சாய்த்து வைத்து எடுத்த வீடியோவை ஒரு நாள் இரவு பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. முதல் கையில் பட்ட பந்து ஒவ்வொரு தடவையும் வலையை ஒட்டிப் போகிறது. செற்றர், அதாவது அடிக்கப் பந்து தூக்கிக் கொடுக்கிறவர், பாய்ந்து ஏதோ ஒரு மாதிரித் தட்டிவிடுகிறார். பெடியனுக்குக் கிடைப்பது வலையில் உரசுகிற பந்து. அதை யார் அடித்தாலும் அப்படித்தான் போகும். அவன் பந்தைத் தொடுவதற்கு இரண்டு கை முன்னாலேயே பிழை நடந்து முடிந்திருக்கிறது. பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு எந்த முறைப்பாடு வந்தாலும் பின்னுக்குப் போய்ப் பார்க்கிறேன். அடி பிழைத்தால் செற்றைப் பார்ப்பேன், செற் பிழைத்தால் பாஸை (செற்றருக்குப் போகிற முதல் தொடுகையை), பாஸ் பிழைத்தால் காலை. கீழே உள்ளதும் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து மைதானங்களில் ஓவர் கேம், செற்றப் கேம் என்று இரண்டு பேச்சும் உண்டு. நான் எழுதுவது செற்றப்புக்கு, அதாவது மூன்று தொடுகையில் கட்டி அடிக்கிற ஆறுபேர் ஆட்டத்துக்கு. இடங்களின் இலக்கம், வலையைப் பார்த்து நின்றால்: பின்வரிசையில் வலக்கரை 1, நடு 6, இடக்கரை 5; முன்வரிசையில் வலக்கரை 2, நடு 3, இடக்கரை 4.

முதலில் வலையும் பந்தும்

ஆளைத் திருத்துவதற்கு முன் பொருளைப் பாருங்கள். ஆண்களுக்கு வலை 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. அளப்பது களத்தின் நடுவில். பக்கக் கோடுகளுக்கு மேல் இரண்டு கரையிலும் ஒரே உயரம் இருக்க வேண்டும், அது நடு உயரத்தை விட 2 சென்ரிமீற்றருக்கு மேல் கூடக் கூடாது. கயிறு தளர்ந்த வலையில் நடு தொய்ந்து கிடக்கும். அங்கே பழகிய பெடியன் நல்ல மைதானத்துக்குப் போனதும் வலையில் அடிப்பான், நாங்கள் அவனுக்குப் பயம் என்போம். ஒரு பனஞ்சலாகையில் இரண்டு உயரத்தையும் கீறி மைதானத்திலேயே வைத்திருங்கள்.

பந்தின் நிறை 260 முதல் 280 கிராம், உள்ளழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. உதைபந்துக்கு அடிக்கிற மாதிரிக் காற்றை இறுக்கி அடித்தால் பந்து கையில் நிற்காமல் தெறிக்கும். “பாஸ் வருகுதில்லை” என்று வந்த ஒரு கழகத்துக்கு நான் செய்த ஒரே வைத்தியம் பந்தில் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டதுதான்.

களம் வடக்குத் தெற்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். கிழக்கு மேற்காகக் கீறிய களத்தில் பின்னேரம் ஒரு பக்கத்துக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும்.

கொப்பியும் செம்மண்ணும்

பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பொருட்கள் போதும். ஒன்று, ஒரு பழைய கொப்பி. ஒவ்வொரு சேர்விஸ் எடுப்புக்கும் இலக்கம் போடுங்கள். செற்றர் எந்தப் பக்கமும் போடக்கூடியதாகப் பந்து வந்தால் 3. இரண்டு தெரிவு மட்டும் மிஞ்சினால் 2. ஓடிப்போய் ஒரே ஒருவருக்கு உயர்த்தித்தான் கொடுக்கலாம் என்றால் 1. பந்து செத்தால் 0. ஆளுக்கு இருபது எடுப்பாவது எழுதினால்தான் உண்மை தெரியும். அணியின் சராசரி 2 க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு அடிப் பயிற்சியே வைக்க மாட்டேன். பெடியளுக்குப் பிடிக்காது, முகம் சுருங்கும். பரவாயில்லை.

மற்றது, எங்கள் மண். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் செம்மண்ணில் விளையாடுகிறவர்களுக்கு இது இலவசம். மண் ஒட்டிய பந்து வியர்த்த கையில் பட்டால் சிவப்பாக ஒரு அடையாளம் விழும். பத்துப் பந்து எடுத்ததும் பெடியனை நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டு கையிலும் ஒரே அளவில், தட்டையான சதைப் பக்கத்தில் கறை இருந்தால் சரி. பெருவிரலிலும் உள்ளங்கையிலும் கறை என்றால் பந்துக்குப் பிந்தி எட்டிப் பிடிக்கிறான். முழங்கைக்குக் கிட்ட என்றால் பந்தை உடம்புக்குள் வரவிட்டுவிட்டான். ஒரு கையில் மட்டும் என்றால் கைகள் சமமாகச் சேரவில்லை. வடமராட்சியின் மணல் மைதானங்களில் இது விழாது; அங்கே பந்தைச் சற்று நனைத்துச் சுண்ணக்கட்டித் தூளில் உருட்டினால் அதே வேலை நடக்கும்.

“பந்து பின்னுக்குப் போகுது”

கறையைப் பாருங்கள். முழங்கைப் பக்கம் இருக்கும். பந்து மிகக் கிட்ட வந்த பிறகு கையை மேலே தூக்கியிருக்கிறான். கை தோளுக்கு மேல் போனதும் பந்து தலைக்கு மேலால் பின்னுக்குப் போகிறது.

அவனைக் கதிரையின் விளிம்பில் இருத்துங்கள். மூன்று மீற்றர் தள்ளி நின்று பந்தை மெதுவாக எறியுங்கள். இருந்துகொண்டு எடுக்கும்போது கையை வீச முடியாது, கையை முன்னுக்கு நீட்டித் தட்டாக வைத்தே ஆக வேண்டும். பதினைந்து பந்துக்குப் பிறகு எழும்பி நின்று அதையே செய்யச் சொல்லுங்கள். பந்து போன பிறகும் “ஒன்று, இரண்டு” எண்ணும்வரை கை அப்படியே நிற்க வேண்டும். அந்த இரண்டு எண்ணுக்குள் பிழை உங்கள் கண்ணுக்கும் தெரியும், அவன் கண்ணுக்கும் தெரியும்.

“நேரே எதிர்ப்பக்கம் போய் விழுகுது”

முந்தியதன் அண்ணன் இது. மெதுவான பந்துக்குப் பழகிய வீச்சு வேகமான சேர்விஸில் பட்டால் பந்து வலையைத் தாண்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவன் சாப்பாடு கிடைத்த மாதிரி அடித்துவிடுவான். வேகமான பந்துக்குக் கை வேலை செய்யக் கூடாது. கையை வைத்துவிட்டு, படுகிற நேரத்தில் தோளைச் சற்றுப் பின்வாங்கி வேகத்தைக் குடிக்க வேண்டும். மெதுவான பந்துக்கு முழங்கால் நிமிர்ந்து தள்ள வேண்டும், அங்கேயும் கை வீச்சு இல்லை.

இன்னொரு காரணம் பயிற்றுநருடையது. “செற்றர் கைக்குக் குடு” என்று நாங்கள் வலைக்குக் கிட்ட நின்று கத்துகிறோம். இலக்கு வலையை ஒட்டியிருந்தால் சின்னப் பிழைகூட எதிர்ப்பக்கம் போய்விடும். இரண்டாம் மூன்றாம் இடங்களுக்கு நடுவில், வலையிலிருந்து ஒன்றரை மீற்றர் உள்ளே ஓர் ஆளை நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு பெரிய கடகத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பனையோலைக் கடகத்தில் பந்து விழுகிற சத்தம் கேட்கும்போது பெடியளுக்கு வருகிற சந்தோசம் நாலு மணித்தியாலப் பேச்சுக்கு வராது. குறையாக விழுந்த பந்தை செற்றர் முன்னுக்கு வந்து போடலாம். கூடிப் போன பந்தை ஒன்றும் செய்ய முடியாது. அதிலும் செற்றர் பின்வரிசைக்காரராக இருந்தால், வலைக்கு மேல் நிற்கிற பந்தைப் பாய்ந்து எதிர்ப்பக்கம் தட்டினால் தவறு.

“பக்கத்தால வெட்டிப் போகுது”

இதில்தான் அதிக நேரம் செலவாகும், செலவழிக்கவும் வேண்டும்.

காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது, கைகள் பந்து பட்ட பிறகு சேருகின்றன. ஒரு கையில் மட்டும் கறை என்று முன்னால் சொன்னேனே, அதுதான். பெருவிரல்கள் இரண்டும் பக்கம் பக்கமாக, மணிக்கட்டு கீழே வளைந்து, பந்து வருவதற்கு முன்னமே தட்டு தயாராக இருக்க வேண்டும். ஆனால் கையைச் சேர்த்துக்கொண்டு ஓடக் கூடாது. கும்பிட்டபடி ஓடுகிற பிள்ளைகளை எல்லா மைதானத்திலும் பார்க்கலாம். கைகள் விலகியபடி ஓடி, கால் நின்றதும் சேர வேண்டும்.

இரண்டாவது, தட்டின் சாய்வு. சுவரில் எறிந்த பந்து எப்படித் திரும்பும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கையும் ஒரு சுவர்தான். ஐந்தாம் இடத்தில் நிற்கிறவனுக்கு இடப்பக்கம் பந்து வந்தால், தட்டு வலப்பக்கம் இருக்கிற செற்றரைப் பார்க்க வேண்டும். அதற்கு வலத் தோள் தாழ வேண்டும், இடத் தோள் உயர வேண்டும். அநேகம் பேர் இரண்டு தோளையும் சமமாக வைத்துக்கொண்டு கையை மட்டும் பக்கத்துக்கு வீசுகிறார்கள். பந்து கோட்டுக்கு வெளியே வேலிக்குள் போகிறது. “உள்தோளைத் தாழ்த்து” என்று ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவில் இரண்டாவது சொல்லைக் கேட்க அவனுக்கு நேரமில்லை.

மூன்றாவது, கால். கால் போய்ச் சேராத இடத்துக்குக் கை போகிறது. சேர்விஸ் அடிக்கிறவனின் கை பந்தில் படுகிற கணத்தில் எடுக்கிறவன் இரண்டு காலிலும் சின்னதாகத் துள்ளி இறங்க வேண்டும். அந்தத் துள்ளல் இல்லாதவன் குதிக்காலில் நிற்பான், முதல் காலடியே பிந்தும். போனில் காலை மட்டும் படம் எடுத்துக் காட்டுங்கள்.

இந்தப் பிழைக்கு விதை எங்கள் பயிற்சியிலேயே இருக்கிறது. சோடி சோடியாக எதிரெதிரே நிறுத்தி அண்டர் (முன்கைகளைச் சேர்த்துக் கீழிருந்து) எடுக்க விடுகிறோம். அதில் பந்து வந்த திசைக்கே திரும்பிப் போகிறது. ஆட்டத்தில் பந்து ஒரு திசையிலிருந்து வந்து வேறு திசைக்குப் போக வேண்டும். சோடிப் பயிற்சியை உடம்பு சூடாக்க ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரம் முக்கோணம்: வலைக்கு அப்பால் ஒருவர் சேர்விஸ், இங்கே ஒருவர் எடுப்பு, கடகத்தோடு ஒருவர் இலக்கில். முதல் கிழமை மூன்று மீற்றர்க் கோட்டிலிருந்து எறிந்தால் போதும். பிறகு பின்கோட்டிலிருந்து.

“இரண்டு பேருக்கும் நடுவில விழுந்திட்டுது”

இரண்டு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள், இரண்டு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பந்து நடுவில் விழுகிறது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

இதில் எங்கள் பேச்சுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. நாங்கள் “என்ர!” என்று கத்துவோம், விட்டுக்கொடுக்கிறவன் “உன்ர!” என்பான். காற்றிலும் சனத்தின் கூச்சலிலும் முதல் எழுத்து காதில் விழாது, “ன்ர” மட்டும் கேட்கும். ஒருவன் விட்டேன் என்கிறான், மற்றவன் அவன் எடுக்கிறான் என்று நினைக்கிறான். எங்கள் களத்தில் “உன்ர” என்ற சொல்லைத் தடை செய்துவிட்டேன். எடுக்கிறவன் “என்ர” என்று சொல்ல வேண்டும். மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் “விடு” அல்லது “வெளி” மட்டும். பந்து வலையைத் தாண்டுவதற்கு முன் குரல் வர வேண்டும்.

குரல் மட்டும் போதாது. நடுவில் வருகிற பந்து யாருடையது என்பதைச் சேர்விஸுக்கு முன்பே பேசி வையுங்கள். முன்னால் குறுக்கே வெட்டிப் போகிறவர் ஒருவர், அவருக்குப் பின்னால் சுற்றிப் போகிறவர் மற்றவர். இரண்டு பேரும் ஒரே ஆழத்தில் ஓடினால் மண்டை முட்டும்.

“மிதந்து வந்து கடைசியில விழுகுது”

சுழலாமல் வருகிற சேர்விஸுக்கு நாங்கள் புளோட்டர் என்கிறோம். சுழற்சி இல்லாததால் காற்று பந்தைப் பிடிக்கிற விதம் வழியிலேயே மாறும். அதனால் கடைசி இரண்டு மூன்று மீற்றரில் அது ஆடும், திடீரென்று விழும். பிந்தி அசைகிற பந்துக்கு முந்திக் கையை நீட்டிவிட்டுக் காத்திருந்தால் சரிவராது. ஓர் எட்டு முன்னுக்கு நில்லுங்கள், நெஞ்சுக்கு மேல் வந்தால் பிங்கரால், அதாவது கையை உயர்த்தி விரல்களால் எடுங்கள். முதல் தொடுகையில், ஒரே அசைவுக்குள் நடந்தால், இரட்டைத் தொடுகை தவறில்லை. பந்தைப் பிடித்து நிறுத்துவதுதான் தவறு. பெடியள் இதற்குப் பயப்படுகிறார்கள், ஏனென்றால் ஊர்ப் போட்டிகளில் விசில் ஊதுகிறவர் எதற்கு ஊதுவார் என்று தெரியாது. போட்டிக்கு முன் நடுவரிடம் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

மே தொடங்கிச் செப்டெம்பர் மட்டும் சோளகம் வீசுகிற காலத்தில் எல்லாச் சேர்விஸும் கொஞ்சம் புளோட்டர்தான். காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. களம் வடக்குத் தெற்காக இருந்தால், தெற்குப் பக்கம் நிற்கிற அணிக்கு எதிரியின் சேர்விஸ் காற்றை எதிர்த்து வந்து குறுகி விழும். எடுக்கிறவர்கள் ஓர் எட்டு முன்னுக்கு நிற்க வேண்டும். அதே அணி பாஸ் எடுக்கும்போது காற்று பின்னால் நின்று தள்ளும். கடகத்தை ஒன்றரை மீற்றரில் அல்ல, இரண்டு மீற்றருக்கும் உள்ளே பிடியுங்கள். வடக்குப் பக்கத்தில் எல்லாம் மறுவளம்: சேர்விஸ் நீண்டு வரும், ஆதலால் பின்னுக்கு நில்லுங்கள், உயர்த்திய பாஸைக் காற்று திருப்பிக்கொண்டு வரும், ஆதலால் தாழ்வாக எடுங்கள். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான முடிவுச் செற்றில் 8 புள்ளியில் பக்கம் மாறும். அப்போது நிற்கிற இடமும் மாற வேண்டும் என்பதை அந்த அவசரத்தில் மறப்போம். மறந்துபோய் மூன்று புள்ளியைத் தொடர்ந்து கொடுத்திருக்கிறோம்.

“செற்றர் எப்பவும் நாலுக்குத்தான் போடுறான்”

கொப்பியை எடுத்துப் பாருங்கள். பாஸ் 1 ஆக வருகிறது என்றால் செற்றருக்கு வேறு வழியில்லை. அவரை விட்டுவிடுங்கள்.

பாஸ் 3 வந்தும் நாலுக்கே போகிறது என்றால் அடுத்த கேள்வி: நடுவில் நிற்கிறவன் பாய்கிறானா? பல அணிகளில் மூன்றாம் இடத்துக்காரன் தனக்குப் பந்து வராது என்று முடிவெடுத்துச் சும்மா நிற்பான். அவன் பாயாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் நடுவில் நின்று வலைக்கு மேல் கை நீட்டித் தடுக்கிற புளொக்கருக்கு வேலையில்லை. அவன் ஆறுதலாக நடந்துபோய் கரையில் சேர்ந்து நிற்பான், எங்கள் நாலாம் இடத்துக்காரன் நாலு கைக்கு எதிரே அடிக்க வேண்டிவரும். நடுவில் பாய்கிறவன் பந்து கிடைக்காவிட்டாலும் ஒரு புளொக்கரைத் தரையில் கட்டி வைக்கிறான். இதை அவனுக்கு விளங்கச் சொல்லுங்கள். புள்ளி அடிக்காத பாய்ச்சலுக்கும் கொப்பியில் ஒரு கோடு போட்டால் அவன் பாய்வான்.

குவிக், அதாவது நடுவில் தாழ்வான செற்றை உடனேயே அடிக்கிற வேக அடி, அடிக்கிற அளவுக்கு அணி வரவில்லையா? பரவாயில்லை, மூன்றில் சற்று உயர்த்திய பந்து ஒன்று, இரண்டாம் இடத்துக்குப் பின்செற் ஒன்று, இவை இரண்டும் இருந்தாலே எதிரி யோசிப்பான். செற்றர் முதுகை வளைத்தால் பின்னுக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே எல்லாப் பந்தையும் நெற்றிக்கு மேல் ஒரே இடத்தில் எடுக்கப் பழக்குங்கள். பயிற்சியில் செற்றருக்கு எதிரே ஓர் ஆளை நிறுத்தி, பந்து கையை விட்டுப் போவதற்கு முன் எந்தப் பக்கம் என்று சொல்ல விடுங்கள். சரியாகச் சொன்னால் செற்றருக்கு ஒரு சுற்று ஓட்டம்.

“வலைக்குள்ள அடிக்கிறன்”

ஒரு சோதனை. நீங்களே நாலாம் இடத்துக்கு, வலையிலிருந்து முக்கால் மீற்றர் தள்ளி, பந்தை இரண்டு கையாலும் உயர எறியுங்கள். அதை அவன் நன்றாக அடிக்கிறானா? அப்படியென்றால் அடியில் பிழை இல்லை. முந்திய பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள். நான் ஒரு சுற்றுப்போட்டி முழுக்கச் செய்யாமல் விட்ட சோதனை இதுதான்.

உங்கள் பந்தையும் வலையில் அடித்தால் நேரம் பிழைத்திருக்கிறது. அநேகமாக முந்தி ஓடுகிறான். பந்து இறங்குவதற்குள் அதன் கீழே போய் நின்று, நின்ற இடத்தில் பாய்ந்து, இறங்கும்போது அடிக்கிறான். உயரப் பந்துக்கு, அது உச்சிக்குப் போகும்வரை மூன்று மீற்றர்க் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்கப் பழக்குங்கள். வலக்கைக்காரருக்குக் காலடி இடது, வலது, இடது. முதலாவது மெதுவாக, கடைசி இரண்டும் விறுவிறென்று. இடக்கைக்காரருக்கு மறுவளம். சேர்விஸ் எடுத்துவிட்டு நாலில் அடிக்கிறவன் உள்ளே நின்றபடியே ஓடத் தொடங்குவான். முதலில் பக்கக் கோட்டுக்கு வெளியே போய்விட்டு வரச் சொல்லுங்கள். அவனைக் குழப்புவதற்காகவே எதிரி அவனுக்கு முன்னால் குறுகிய சேர்விஸ் போடுவான். நீங்களும் எதிரியின் நல்ல அடிகாரனுக்கு அதையே போடலாம்.

“வெளியில போகுது”

பந்து தலைக்குப் பின்னால் இருக்கும்போது அடிக்கிறான். பந்துக்கு உள்ளே, அதன் கீழே போய்விட்டிருப்பான். முழங்கை தாழ்ந்திருக்கிறதா, மணிக்கட்டு பந்தின் மேல் மடிகிறதா என்றும் பாருங்கள். தரையில் நின்று சுவருக்கு முன்னால் பந்தை நிலத்தில் அடித்துத் தெறிக்க விடுகிற பழைய பயிற்சி இதற்குப் போதும்.

“ஒவ்வொரு அடியும் புளொக்கில மாட்டுது”

ஊர்ப் போட்டியில் சனம் கை தட்டுவது மூன்று மீற்றருக்குள் குத்துகிற அடிக்கு. ஆகவே பெடியளுக்கும் அந்த அடிதான் தெரியும். புளொக் இல்லாத வலையில் பழகுகிறார்கள், புளொக் வந்ததும் அதற்குள்ளேயே குத்துகிறார்கள். பயிற்சியில் கதிரையில் ஓர் ஆளை ஏற்றி, வலைக்கு மேல் கையை நீட்டி நிற்க வையுங்கள். அவனுக்கு மேலே, பக்கத்தால், கையில் பட்டு வெளியே என்று மூன்று வழியும் பழகட்டும்.

அதில் கையில் பட்டு வெளியே போகிற அடியை எங்கள் பெடியள் குறைவாக மதிக்கிறார்கள். வலையை ஒட்டிய பந்து கிடைத்து, எதிரே இரண்டு பேர் பாய்ந்து நின்றால், கரைப்பக்கம் நிற்கிற புளொக்கரின் வெளிக்கையில் தட்டி வெளியே விடுவதுதான் மூளை. புள்ளிக்கு அழகு கிடையாது.

கோடு அடைத்திருந்தால் குறுக்கே, குறுக்கே அடைத்திருந்தால் புளொக்குக்குப் பின்னால் ஒரு டிப் (விரலால் மெல்லத் தட்டிவிடுவது). ஒன்றும் தெரியாவிட்டால் ஒன்றாம் இடத்தின் ஆழத்துக்கு. எதிரணியின் செற்றர் பின்வரிசையில் இருக்கும்போது பெரும்பாலும் அங்கேதான் நிற்பார். அவர் முதல் பந்தை எடுத்தால் இரண்டாவதை வேறு யாரோ போட வேண்டும், அவர்களுடைய அடி பாதி செத்துவிடும். இந்த ஒரு பழக்கமே சின்ன அணிக்குப் பெரிய அணியோடு நின்று பிடிக்கப் போதும்.

புளொக்கில் பட்டுத் திரும்புகிற பந்துக்குக் கீழே யார் நிற்கிறார்கள்? அடிக்கிறவனை வேடிக்கை பார்க்கிற ஐந்து பேரையும் உள்ளே இழுங்கள். மூன்று பேர் கிட்ட, இரண்டு பேர் பின்னால், முழங்கால் மடிந்து. புளொக்கில் மாட்டிய அடி தோற்ற அடி ஆகாது, பந்து நிலத்தில் விழுந்தால்தான் அது தோல்வி.

“ஒரு சுழற்சியில மட்டும் புள்ளி கொட்டுது”

ஆறு பேரும் இடம் மாறி மாறி நிற்கிற ஒழுங்குகளில் ஒன்றில் மட்டும் ஐந்தாறு புள்ளி போகிறது, ஓய்வு கேட்டும் நிற்கவில்லை. ஒரு செற்றுக்கு 30 விநாடி ஓய்வு இரண்டுதான். அதில் தைரியம் சொல்லி நேரத்தைக் கரைக்காதீர்கள். கொப்பியில் எந்தச் சுழற்சி என்று பார்த்தால் அநேகமாக செற்றர் ஐந்தாம் இடத்தில் இருப்பார். அங்கிருந்து இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஓடுவது நீண்ட தூரம், எடுக்கிறவர்களின் கண்ணுக்கு முன்னாலேயே குறுக்கே ஓடுகிறார். சேர்விஸ் அடிபடும்வரை அவர் நாலாம் இடத்துக்காரனுக்குப் பின்னாலும் ஆறாம் இடத்துக்காரனுக்கு இடப்பக்கமும் நிற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஆகவே நாலாம் இடத்துக்காரனை வலைக்குக் கொண்டுபோய், அவன் முதுகோடு செற்றரை ஒட்டி நிறுத்துங்கள். எடுக்கிறவர்கள் பின்னால் மூன்று பேர். பந்து அடிபட்டதும் செற்றர் வலையோரமாக ஓடிவிடுவார், யார் கண்ணையும் மறைக்க மாட்டார்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று பேர் எடுப்பு வேண்டாம். ஐந்து பேரை விரித்து நிறுத்துங்கள், செற்றர் வலையில் நிற்கட்டும், அவருக்கு ஒளிக்கிற வேலையே இல்லை.

மின்னொளியில் நடக்கிற போட்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கம்பத்து லைற் எந்த இடத்தில் கண்ணைக் குத்துகிறது என்பதை விளையாட்டுக்கு முன் ஆறு இடத்திலும் நின்று பார்த்துவிடுங்கள். ஒரு தடவை எங்கள் ஒன்றாம் இடத்தில் மட்டும் எடுப்பெல்லாம் 0 ஆக விழுந்தது. அங்கே போய் நின்று அண்ணாந்தபோது எனக்கே பந்து தெரியவில்லை. அந்தச் செற்றில் மட்டும் அங்கே நின்றவனை ஒன்றரை எட்டு உள்ளே இழுத்து, பின்னால் வருகிற பந்தை ஆறாம் இடத்துக்காரனிடம் விட்டோம்.